வீட்டுக் கைவினைக்கு கட்டிங் மெஷின்: க்ரிகட்டா, கேமியோவா, ரேடியம் கடை பிளாட்டரா?

குடந்தை மலர்:

வணக்கம் மக்களே. கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே கேக் டாப்பர், ரிட்டர்ன் கிஃப்ட் ஸ்டிக்கர், சீர்வரிசைத் தட்டுக்குப் பேர் அட்டை, கொலு சமயத்தில் பின்னணி அலங்காரம் என்று செய்து கொடுக்கிறேன். இதுவரை எல்லாமே கத்தரிக்கோலும் பேப்பர் கட்டரும்தான். போன மாசி மாசம் ஒரு வளைகாப்புக்கு கிளிட்டர் ஷீட்டில் 50 பேர் அட்டை கேட்டார்கள், வெட்டி முடிப்பதற்குள் கட்டைவிரலில் கத்தரிக்கோல் வளையம் பதிந்து தோலே உரிந்துவிட்டது. இனிமேல் முடியாது, மெஷின் வாங்கியே ஆகவேண்டும்.

பட்ஜெட் 35,000 ரூபாய், இழுத்துப் பிடித்தால் 40,000. யூட்யூபில் பார்த்தால் ஒருத்தர் க்ரிகட் மேக்கர் இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்கிறார், இன்னொருத்தர் அதே கம்பெனியின் சின்ன மாடல் ஜாய் போதும் என்கிறார், சிலுவெட் கம்பெனியின் கேமியோதான் கெத்து என்று வேறொரு கூட்டம். எல்லா வீடியோவுக்கும் கீழே வாங்குகிற லிங்க் இருக்கிறது, அதனால் யாரை நம்புவது என்றே தெரியவில்லை. இதற்கு நடுவில் எங்கள் தெருமுனை ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரர், "அந்தக் காசுக்கு என்கிட்ட இருக்கிற மாதிரி ஸ்டிக்கர் ரோலை வெட்டுகிற 2 அடி பிளாட்டரே வாங்கலாமேம்மா" என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ் லேப்டாப், 4 ஜிபி ராம். வீட்டில் நெட் கனெக்‌ஷன் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். பெயர்கள் பாதிக்குப் பாதி தமிழில் கேட்கிறார்கள். ஆரி ஒர்க் பண்ணும் தோழி ஒருத்தி, பிளவுஸ் டிசைன் ட்ரேஸிங்கும் இதில் வருமா என்று நச்சரிக்கிறாள். எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது, கொஞ்சம் சொல்லுங்கள்.


காகிதக்காரி (கோவை):

மலர், மெஷின் பெயரை எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, என்ன பொருளை வெட்டப் போகிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிவது 250, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை, கிளிட்டர் ஷீட், ஸ்டிக்கர் வினைல், அப்புறம் பிரிண்ட் எடுத்து ஓரம் வெட்டுகிற ஸ்டிக்கர் பேப்பர். இவ்வளவுதான் என்றால் மேக்கருக்குக் காசு கொடுப்பது வீண், க்ரிகட்டிலேயே எக்ஸ்ப்ளோர் 3 தாராளம். மேக்கரின் பெருமையெல்லாம் அழுத்தத்தில் இருக்கிறது, பிளேடை 4 கிலோ விசை வரை அழுத்தும், எக்ஸ்ப்ளோர் வரிசை அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்த விசை எதற்கு என்றால் நைஃப் பிளேடு போட்டு 2.4 மிமீ வரை பால்சா மரம், தடிமனான சிப்போர்டு வெட்டுவதற்கு, ரோட்டரி பிளேடு போட்டுத் துணியை அடியில் எதுவும் ஒட்டாமல் அப்படியே வெட்டுவதற்கு. மரத்தை ஒரே அழுத்தில் வெட்டிவிடும் என்று கனவு காணாதீர்கள், ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓடி ஓடித்தான் வெட்டும், நாம் போய் சாதம் வடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அட்டையும் வினைலும் வெட்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜாய் வேண்டவே வேண்டாம். அதன் மேட், அதாவது பொருளை ஒட்டி உள்ளே விடும் பசை விரிப்பு, நாலரை அங்குலம் அகலம்தான். டப்பா லேபிள், டம்ளர் ஸ்டிக்கர், சின்ன வாழ்த்து அட்டைக்கு அழகாக இருக்கும், 6 அங்குல கேக் டாப்பர் எங்கே போய் வெட்டுவீர்கள்? ஜாய் எக்ஸ்ட்ரா எட்டரை அங்குலம், ஏ4 நுழையும், ஆனாலும் தடிமனான பொருள் என்று வந்தால் கை விரித்துவிடும். எக்ஸ்ப்ளோர், மேக்கர் இரண்டுக்கும் 12 அங்குல மேட்.

இன்னொன்று, கடையில் பளபளவென்று விற்கிற அக்ரிலிக் டாப்பர், எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) பேர்ப்பலகை எல்லாம் லேசரில் வெட்டியவை. பிளேடு மெஷின் எதுவும் அதைச் செய்யாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதே மாதிரி லேசர் வாங்கிவிட்டு அதில் ஸ்டிக்கர் வினைலைப் போடவும் கூடாது. அது பிவிசி, சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடித்துப் போகும்.

35,000-ஐயும் மெஷினிலேயே கொட்டிவிடாதீர்கள். கையில் ஒரு 6,000, 7,000 ஆவது மிச்சம் வையுங்கள். மேட் தேய்ந்துகொண்டே இருக்கும். பச்சை மேட் அட்டைக்கும் வினைலுக்கும், நீல மேட் மெல்லிய தாளுக்கு, ஊதா மேட் கனமான கிளிட்டர் அட்டைக்கு. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையாகத் தேய்த்து, துடைக்காமல் நிழலில் காயவைத்தால் ஒட்டும் தன்மை ஓரளவு திரும்பி வரும், கொஞ்ச காலம் ஓட்டலாம். கிளிட்டர் ஷீட்டுக்கென்று ஒரு பிளேடைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், கிளிட்டர் துகள் பிளேடு முனையை மழுக்கிவிடும், அப்புறம் அதே பிளேடில் வினைல் வெட்டினால் மூலையெல்லாம் பிய்ந்து வரும். முடிந்தால் கிளிட்டர் ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டு, டிசைனைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், ஓரம் சுத்தமாக வரும்.


ஸ்டிக்கர் சாமி (நெல்லை):

தங்கச்சி, நான் ரேடியம் கடை வைத்திருப்பவன், அதனால் உங்கள் தெருமுனைக்காரர் பக்கம்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். பாதி அவர் பக்கம், பாதி உங்கள் பக்கம்.

வினைல்தான் முக்கிய வேலை என்றால் 24 அங்குல பிளாட்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரோலை மாட்டினோமா, கோரல் டிரா மென்பொருளில் இருந்து அனுப்பினோமா என்று போய்க்கொண்டே இருக்கும், மேட் கிடையாது, நெட் கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் கணக்கு திறக்க வேண்டியது கிடையாது. பிளேடும் மலிவு, 45 டிகிரி பிளேடு எங்கேயும் கிடைக்கும், தடிமனான ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்கு 60 டிகிரி.

ஆனால் நீங்கள் அட்டை வெட்ட வேண்டும் என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். பிளாட்டர் மேல் தாளோடு நிறுத்திக்கொள்ளும் வேலைக்கு, அதாவது ஸ்டிக்கரை மட்டும் வெட்டி அடித்தாளை விட்டுவைக்கும் வேலைக்குச் செய்தது. அட்டையை முழுசாக அறுக்கவேண்டும் என்றால் அடியில் ஒட்டும் ஷீட் ஒன்று வேண்டும், அதையும் ரப்பர் உருளை நேராகப் பிடித்து இழுக்க வேண்டும், அந்த உருளை கிளிட்டர் மேல் ஓடினால் தடம் விழும். பிரிண்ட் எடுத்த ஸ்டிக்கரை ஓரம் வெட்ட வேண்டும் என்றால் குறியைப் படிக்கிற சென்சார் உள்ள மாடல் வேண்டும், மலிவானதில் அது இருக்காது, இருந்தாலும் ஒழுங்காகப் படிக்காது. சத்தமும் உண்டு, ராத்திரி 11 மணிக்கு வீட்டில் ஓட்டினால் மாமியார் எழுந்து வருவார்.

அதனால் என் யோசனை, அட்டைக்கு வீட்டு மெஷின் வாங்குங்கள். கார் கண்ணாடி, கடை போர்டு, சுவர் அலங்காரம் மாதிரி பெரிய வினைல் ஆர்டர் வந்தால் உங்கள் தெருமுனைக்காரரிடமே கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ரன்னிங் அடிக் கணக்கில்தான் காசு வாங்குவார். நீங்கள் 12 அங்குல மெஷினில் மூன்று துண்டாக வெட்டி இணைப்பதை விட அது மிச்சம்.

தமிழ் எழுத்து பற்றி ஒரு சின்ன விஷயம். எங்கள் கடைகளில் இன்னமும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. காலாவதி என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது. அதில் கொம்பு, கால் எல்லாம் தனித்தனி விசை, தட்டுகிற வரிசையில் அப்படியே நிற்கும். ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த மென்பொருளில் போட்டாலும் குழம்பாது.


ஸ்காபரோ அக்கா (டொராண்டோ):

பிள்ளை, எல்லாரும் க்ரிகட் க்ரிகட் எண்டு சொல்லுகினம், நான் பாவிக்கிறது கேமியோ 4, அதாலை மற்றப் பக்கத்தையும் சொல்லிப்போட்டுப் போறன். இனி எழுத்துத் தமிழிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இங்கே சிலருக்கு விளங்காது.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வீட்டில் நெட் இல்லை என்ற விஷயம். க்ரிகட் மெஷின் அதன் டிசைன் ஸ்பேஸ் மென்பொருளோடு கட்டிப்போட்ட மாதிரி. கணக்கு கட்டாயம், முதல் தடவை மெஷினைப் பதிவு செய்ய நெட் கட்டாயம், வேறு எந்த மென்பொருளில் இருந்தும் நேரே வெட்டக் கொடுக்க முடியாது. முன்கூட்டியே இறக்கி வைத்த வேலைகளை நெட் இல்லாமல் வெட்ட வழி இருக்கிறது, ஆனாலும் குடுமி அவர்கள் கையில்தான். 2021 மார்ச் மாதம், மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படம் மட்டும்தான் சொந்தமாக ஏற்றலாம் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கின மெஷினுக்கு இதென்ன புதுச் சட்டம் என்று உலகம் முழுக்கக் கைவினைக்காரர்கள் கொதித்துப் போனார்கள், சில நாளிலேயே அந்த முடிவை வாபஸ் வாங்கினார்கள். வாங்கினது நல்லது. ஆனால் நினைத்தால் செய்யலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் 2018-இல் கிராஃப்ட் ரூம் என்ற பழைய மென்பொருளை மூடினபோது, அதை மட்டுமே நம்பி இருந்த க்ரிகட் மினி வெறும் பெட்டியாகிவிட்டது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பழைய கார்ட்ரிட்ஜ் போடும் மாடலைத் தலையில் கட்டப் பார்த்தால் ஓடிவிடுங்கள்.

கேமியோ, போர்ட்ரெய்ட் இரண்டும் சிலுவெட் நிறுவனத்தினுடையவை, அதற்குத் தாய் ஜப்பானின் கிராஃப்டெக். அவர்கள் பெரிய பிளாட்டர் செய்கிறவர்கள். சிலுவெட் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டால் அதற்குப் பிறகு நெட்டே தேவையில்லை. வினைல் ரோலை மேட் இல்லாமல் நேரே விடலாம், கேமியோ 4-இல் ரோல் வைக்கும் இடமும் குறுக்கே வெட்டும் கத்தியும் உள்ளேயே இருக்கிறது. ஏ4 போதும் என்றால் போர்ட்ரெய்ட் இன்னும் மலிவு, மென்பொருள் அதே.

குறை சொல்லாவிட்டால் பாவம். இலவசப் பதிப்பு வெளியில் வாங்கின எஸ்விஜி என்ற டிசைன் கோப்பைத் திறக்காது, அதற்கு டிசைனர் எடிஷன் என்று ஒருமுறை காசு கட்ட வேண்டும். டிஎக்ஸ்எஃப் வகைக் கோப்பைத் திறக்கும், பிஎன்ஜி படத்தைப் போட்டு ட்ரேஸ் பண்ணவும் விடும், நான் கனகாலம் அப்படியே சமாளித்தேன். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளுக்கு இலவசமாக ஒரு இணைப்பும் இருக்கிறது, அதில் இருந்து நேரே சிலுவெட்டுக்கு அனுப்பலாம். அடுத்தது, சிலுவெட் ஸ்டூடியோவைப் பார்த்தவுடனே தலை சுற்றும், அவ்வளவு பட்டன். க்ரிகட் பிடித்தவுடன் பிடிபடும், இது கொஞ்சம் பொறுமை கேட்கும். கம்ப்யூட்டர் என்றால் பயம் என்கிற ஆளுக்கு நான் கேமியோவைப் பரிந்துரைக்க மாட்டேன்.


தையல் டப்பா:

ஆரி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். மலர், உங்கள் தோழி நினைப்பது மாதிரி ட்ரேஸிங் ஷீட்டில் வரிசையாக ஊசித் துளை போட்டுத் தருகிற வேலை கத்தியால் சரியாக வராது, 1 மிமீ வட்டம் வெட்டச் சொன்னால் பட்டர் பேப்பர் சுருண்டு கிழியும். ஆனால் பிளேடு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேனா மாட்டலாம். டிசைனை ஒருமுறை வரைந்து ஏற்றிவிட்டால், வலது கை, இடது கை, முதுகு என்று திருப்பித் திருப்பி அச்சு அசலாக வரைந்து கொடுத்துவிடும், அதிலும் இடது கைக்குக் கண்ணாடி பிம்பம் போடுவது ஒரே க்ளிக். அதற்கு மேல் துளை போடுவதும் மண்ணெண்ணெயில் பவுடர் குழைத்துத் தேய்ப்பதும் பழையபடி கையால்தான். எங்கள் பக்கம் பிளவுஸ் தைப்பவர்களுக்கு இதுவே பாதி வேலை மிச்சம்.

பிரதர் ஸ்கேன்என்கட் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், நான் வைத்திருப்பது அது. உள்ளேயே ஸ்கேனர் இருக்கிறது, கையால் வரைந்த தாளை உள்ளே விட்டால் அதன் கோட்டைப் பார்த்தே வெட்டும், கம்ப்யூட்டரே வேண்டாம், திரையில் விரலால் எல்லாம் செய்யலாம், பென் டிரைவில் எஸ்விஜி போட்டுக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும். துணியை வெட்டித் துணி மேல் தைக்கும் அப்ளிக் வேலைக்கு அதை விட்டால் வேறு இல்லை. ஆனால் உங்கள் 40,000-க்கு வராது, அதோடு பேர் அட்டைதான் உங்கள் பிழைப்பு என்றால் அந்த ஸ்கேனர் முக்கால்வாசி நாள் தூங்கும்.


குடந்தை மலர்:

அடேங்கப்பா, ஒரே நாளில் இத்தனை பேர். எல்லோருக்கும் நன்றி. பிளாட்டர் ஆசை போய்விட்டது, சாமி அண்ணன் சொன்னபடி பெரிய வினைலைத் தெருமுனையிலேயே கொடுத்துக்கொள்கிறேன். மேக்கரும் ஜாயும் போயாச்சு. எக்ஸ்ப்ளோர் 3, கேமியோ 4 இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன்.

சித்தி பையன் அமெரிக்காவிலிருந்து தீபாவளிக்கு வருகிறான். அங்கே எக்ஸ்ப்ளோர் 4 என்று புதுசும் வந்துவிட்டது, விலையும் குறைவு, கொண்டு வரட்டுமா என்கிறான். கொண்டுவரச் சொல்லலாமா? அப்புறம் தமிழில் பேர் வெட்டுவதைப் பற்றி சாமி அண்ணன் சொன்னது பாதிதான் புரிந்தது. போனில் தட்டுகிற மாதிரி யூனிகோடில் தட்டினால் என்ன ஆகும்?


எழுத்துப்பித்தன்:

தமிழுக்கு நான் பதில் சொல்கிறேன், இதில்தான் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு.

யூனிகோடில் ‘கொ’ என்று தட்டினால் உள்ளே இருப்பது ‘க’வும் அதற்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியும்தான். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைப்பது மென்பொருளின் வேலை. வெட்டும் மெஷினோடு வருகிற மென்பொருட்களை இதில் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், எது வாங்கினாலும் அதன் உரைப் பெட்டியில் தமிழைத் தட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்று இலவச மென்பொருள், உங்கள் லேப்டாப்பில் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் ஓடும். அதில் தமிழ் பிசகாமல் நிற்கும். பெயரைத் தட்டி, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிட்டால் அது எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாகிவிடும். பிறகு எந்த மென்பொருள் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. அதற்குப் பிறகு, தொட்டுக்கொண்டிருக்கும் வடிவங்களை ஒன்றாக்கும் யூனியன் கொடுக்க மறக்காதீர்கள். பல எழுத்துருக்களில் துணைக்காலும் சுழியும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி நிற்கும், யூனியன் செய்யாமல் வெட்டினால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்து எழுத்து இரண்டாகப் பிளந்து வரும். எஸ்விஜியாகச் சேமித்தால் டிசைன் ஸ்பேஸ் எடுத்துக்கொள்ளும். சிலுவெட்டின் இலவசப் பதிப்பு என்றால் டிஎக்ஸ்எஃப்.

இப்போது நிஜமான தொல்லைக்கு வருகிறேன். புள்ளி! ஆங்கிலத்தில் ‘ஐ’க்கும் ‘ஜே’வுக்கும் மட்டும் தலையில் புள்ளி, அவர்கள் அதற்கே புலம்புகிறார்கள். நமக்கு ‘கார்த்திக்’ என்ற ஒரே பெயரில் ர், த், க் என்று மூன்று புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. ஸ்டிக்கர் என்றால் ட்ரான்ஸ்ஃபர் டேப்பில் ஒட்டி எடுத்துவிடலாம், 2 மிமீ-க்குக் கீழே போனால் மட்டும் பிளேடே புள்ளியை இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் சின்ன எழுத்துக்குப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள். கேக் டாப்பரில் அந்தப் புள்ளி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இரண்டு வழி இருக்கிறது. புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையில் லேசாக முட்டவிட்டு யூனியன் செய்யலாம், வேகமான வேலைக்கு அது போதும், ஆனால் பார்க்க நெருக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். நான் செய்வது ஆஃப்செட். பெயரைச் சுற்றி 3 மிமீ தள்ளி ஒரு வெளிக்கோடு போட்டால் புள்ளி, எழுத்து எல்லாம் ஒரே திட்டாகச் சேர்ந்துவிடும். அந்தத் திட்டைக் கறுப்பு அட்டையில் வெட்டி, மேலே தங்கக் கிளிட்டரில் எழுத்தையும் புள்ளியையும் தனியாக வெட்டி ஒட்டினால், இரட்டை அட்டை என்பதால் கேக் ஈரத்தில் வளையவும் வளையாது, விலையும் கூடுதலாகச் சொல்லலாம்.

எழுத்துரு மெல்லியதாக இருந்தால் வெட்டுக்கு உதவாது. பலூ தம்பி, காய்னி இரண்டும் தடித்து, மூலை உருண்டு இருக்கும், குழந்தை பிறந்தநாளுக்கு அதைவிட வேறு வேண்டாம். கல்யாணத்துக்குக் கேட்டமரன் கனமான தடிமனில் நன்றாக இருக்கிறது. மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், திறந்த உரிமத்தில் இருப்பவை, விற்பனைக்குச் செய்யும் பொருளிலும் பயன்படுத்தலாம். கோலம், பேர் என்று ஸ்டென்சில் வெட்டும்போது மட்டும் வேறு கதை, ‘க’, ‘அ’, ‘இ’ மாதிரி மூடிய வளையம் உள்ள எழுத்தில் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், அதற்கு நீங்களே சின்னப் பாலம் வரைந்து விடவேண்டும்.


ஸ்காபரோ அக்கா:

வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவது பற்றி. க்ரிகட் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டி எல்லாம் தேவையில்லை. ஆனாலும் எந்த மெஷினாக இருந்தாலும் அந்த லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டே வாங்கச் சொல்லுங்கள். உத்தரவாதம்தான் பிரச்சினை, வாங்கின நாட்டை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் செல்லாது. நான் இங்கே இருந்து யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்கு ஒன்று அனுப்பி, மோட்டார் போன பிறகு கடைக்காரன் இங்கே கொண்டுவந்து தரச்சொல்லிவிட்டான். மெஷின் விலையை விட விமானக் கூலி கூட. சூட்கேஸில் வந்தால் சுங்கக் கணக்கும் பார்க்க வேண்டும். விலை வித்தியாசம் நாலைந்தாயிரம்தான் என்றால் திருச்சியிலோ சென்னையிலோ பில்லோடு வாங்குங்கள். தம்பியை வினைலும் பிளேடும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதுதான் புத்தி.


காகிதக்காரி:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எக்ஸ்ப்ளோர் 4 புதுசு, வேகம் கூட, ஆனால் வேகம் உங்கள் பிரச்சினையே இல்லை. மெஷின் 5 நிமிஷத்தில் வெட்டிவிடும், நடுவில் இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கொக்கி ஊசியால் நோண்டி எடுப்பதற்குத்தான் அரை மணி போகும், அதை எந்த மெஷினும் செய்து தராது.

இரண்டில் எது என்று கேட்டால், ஹாட்ஸ்பாட்டும் 4 ஜிபி ராமும் என்பதைப் பார்க்கும்போது எனக்கே கேமியோ பக்கம் மனசு சாய்கிறது. டிசைன் ஸ்பேஸ் 4 ஜிபியில் ஓடினாலும் திணறும், பெரிய கோப்பை ஏற்றிவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். எப்படியும் தமிழுக்கு இங்க்ஸ்கேப் கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள், அதைக் கற்றுவிட்டால் சிலுவெட் ஸ்டூடியோவைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. போனிலேயே எல்லாம் முடியவேண்டும், பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு பேர் வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோர். வாட்ஸப் குழுவில் சந்தேகம் கேட்டால் க்ரிகட்டுக்குப் பத்துப் பதில் வரும், கேமியோவுக்கு ஒன்றிரண்டுதான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.


குடந்தை மலர்:

கேமியோதான் என்று மனசு முடிவு பண்ணிவிட்டது, லேப்டாப்புக்கும் 4 ஜிபி ராம் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இங்க்ஸ்கேப் இறக்கி ‘கார்த்திக்’கை ஆஃப்செட் போட்டுப் பார்த்தேன், வந்துவிட்டது!

திருச்சியில் ஒரு கடையில் கேமியோ, எக்ஸ்ப்ளோர் இரண்டும் டெமோ காட்டுகிறார்களாம். சனிக்கிழமை போகிறேன். அங்கே என்ன பார்க்க வேண்டும்? அப்புறம் எங்கள் ஏரியாவில் கரண்ட் அடிக்கடி போகும், பாதி வெட்டும்போது போனால் என்ன ஆகும்?


ஸ்டிக்கர் சாமி:

பாதியில் போனால் அந்த ஷீட் அவ்வளவுதான் தங்கச்சி. திரும்ப ஆன் பண்ணினால் பிளேடு ஆரம்ப இடத்துக்குப் போய்விடும், விட்ட இடம் அதற்குத் தெரியாது. ஷீட்டை மேட்டில் இருந்து எடுக்காமல், மேட்டையும் வெளியே தள்ளாமல் இருந்தால் மறுபடி முதலில் இருந்து வெட்டவிட்டுப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் அதே கோட்டில் போகும். மெஷின் பெரிதாகக் கரண்ட் இழுக்காது, வீட்டு இன்வர்ட்டர் லைனில் ஒரு பிளக் எடுத்து மாட்டிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.


காகிதக்காரி:

டெமோவுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஷீட்டில் பூ வெட்டிக் காட்டுவார்கள், அது எப்போதும் அழகாகத்தான் வரும். நீங்கள் வழக்கமாகக் கும்பகோணத்தில் வாங்கும் அட்டையையும் கிளிட்டர் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளூர் ஷீட் எந்த மெஷினின் பட்டியலிலும் இருக்காது, அதற்கு எவ்வளவு அழுத்தம், எத்தனை தடவை என்று அங்கேயே சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்துவிட்டால் வீட்டில் வந்து ஷீட்டை வீணாக்க வேண்டாம். ‘கார்த்திக்’கை 2 அங்குல உயரத்தில் வெட்டச் சொல்லி, ‘தி’யின் சுழி மூலை கிழியாமல் வருகிறதா பாருங்கள்.

பிரிண்ட் செய்து வெட்டுவதையும் கட்டாயம் கேளுங்கள். மூலைகளில் கறுப்புக் குறி இருக்கும், சென்சார் அதைப் படித்துத்தான் ஓரம் வெட்டும். பளபளக்காத தாளில் எல்லா மெஷினும் படிக்கும், நீங்கள் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குப் போடும் பளபள ஸ்டிக்கர் பேப்பரில்தான் வெளிச்சம் எதிரொளித்துக் குழம்பும். அதில் ஒரு ஷீட் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்ப் படிக்கவிட்டுப் பாருங்கள். படிக்காவிட்டால் குறியின் மேல் மட்டும் பளபளக்காத மேஜிக் டேப் ஒட்டி மறுபடி கொடுங்கள். வெட்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தள்ளி விழுந்தால் அளவுத் திருத்தம் செய்துகொள்ளலாம், ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் தள்ளியும் விழுந்தால் அந்தப் பீஸை வாங்காதீர்கள், வேறு பெட்டி பிரிக்கச் சொல்லுங்கள்.